மோட்டார் சைக்கிளுக்கு ஓர் ஒளிமாலை

ஆடி மாதம். சங்கரன்கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ராயகிரியிலிருந்து கல்லூரிக்கு வரும் என் மாணவர் ஒருவர், திருவிழாவுக்காகத் தம் மோட்டார் சைக்கிளில் எல்.இ.டி. விளக்குப் பட்டை ஒன்றை ஒட்டியிருந்தார். மூன்றாம் நாள் கருகிச் சுருண்ட வயர் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“சார், வண்டியோட பியூஸ் நல்லாத்தான் இருக்கு. வயர் மட்டும் எப்படி சார் உருகிச்சு? பெட்ரோல் டாங்குக்குக் கீழேயே புகை வந்துச்சு.”

கூட வந்த நண்பர், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, அந்த வயரைப் பேட்டரியிலிருந்து பிடுங்கி எறிந்ததால் வண்டியும் இருவரும் தப்பினர். மாணவர்களே, அவர் கேட்டது நல்ல கேள்வி. விடை காண, முதலில் அந்த விளக்கைத் தெரிந்துகொள்வோம்.

சூடாகாமல் ஒளிரும் விளக்கு

பழைய குமிழ் விளக்கில் டங்ஸ்டன் இழை வெண்சூடாகி ஒளி தருகிறது. எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் டையோடில் இழை கிடையாது. அது இருவகைக் குறைகடத்திகள் சேர்ந்த ஒரு சந்தி. மின்னோட்டம் பாயும்போது எலெக்ட்ரான்கள் சந்தியைக் கடந்து, அப்பால் உள்ள ‘துளை’களில் விழுகின்றன. அப்போது அவை இழக்கும் ஆற்றலே ஒளியாக வெளிவருகிறது. எனவே எவ்வளவு ஆற்றலை இழக்கின்றன என்பதே நிறத்தைத் தீர்மானிக்கிறது. சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். நீலத்துக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் டையோடை 1962இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் செய்து காட்டினார். பிரகாசமான நீல ஒளி கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. அதைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல டையோடின் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூசினால் வெள்ளை ஒளி கிடைக்கிறது.

பன்னிரண்டு வோல்ட் பன்னிரண்டு அல்ல

கடையில் ‘12 வோல்ட்’ என்று விற்கும் பட்டையை உற்றுப் பாருங்கள். மூன்று டையோடுகளும் ஒரு மின்தடையும் தொடராக இணைந்து ஒரு கூறாக இருக்கும். இத்தகைய கூறுகள் பல, பக்க இணைப்பில் வரிசையாக அமைந்திருக்கும்.

வெள்ளை டையோடு மூன்றுக்கு 9 வோல்ட். மீதி 3 வோல்ட்டை மின்தடை ஏற்க வேண்டும். 20 மில்லி ஆம்பியர் பாய வேண்டுமானால், ஓம் விதிப்படி 3 ÷ 0.02 = 150 ஓம்.

ஆனால் வண்டியில் என்ன நடக்கிறது? எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்னேற்றம் நடப்பதால் அதன் மின்னழுத்தம் 14.4 வோல்ட் வரை உயரும். டையோடுகள் அதே 9 வோல்ட் அளவிலேயே நிற்க, மின்தடையின் மேல் 5.4 வோல்ட் விழுகிறது. மின்னோட்டம் 5.4 ÷ 150 = 36 மில்லி ஆம்பியர்! மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. மின்னோட்டமோ ஏறக்குறைய இரு மடங்காயிற்று. வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே மின்தடையில் பிறக்கும் வெப்பம் மூன்று மடங்குக்கும் மேல். வீட்டு மேசையில் ஆண்டுக்கணக்கில் எரியும் பட்டை, வண்டியில் சில வாரங்களில் கருகுவதன் காரணம் இதுதான். 150 ஓமுக்குப் பதில் 270 ஓம் இருந்தால், 14.4 வோல்ட்டிலும் 20 மில்லி ஆம்பியரைத் தாண்டாது.

பியூஸ் ஏன் போகவில்லை?

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். மீட்டருக்கு 60 டையோடுகள் கொண்ட பட்டையில் 20 கூறுகள். கூறுக்கு 20 மில்லி ஆம்பியர் என்றால், ஒரு மீட்டருக்கு 0.4 ஆம்பியர்தான். இவ்வளவு சிறிய மின்னோட்டம் வயரை உருக்காது.

அவர் பட்டையின் வயரைப் பேட்டரியின் நேர்முனையில் நேரடியாக முறுக்கி, டாங்குக்கு அடியில் ஹேண்டில்பார் வரை கொண்டுபோயிருந்தார். ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் வயர் இரும்புச் சட்டத்தில் உரசியது. உறை தேய்ந்து செம்பு சட்டத்தைத் தொட்டது. வண்டியின் சட்டம் பேட்டரியின் எதிர்முனையோடு இணைக்கப்பட்டது அல்லவா? இடையில் தடை ஏதுமில்லாமல் குறுக்குச் சுற்று ஏற்பட்டுவிட்டது.

0.5 சதுர மில்லி மீட்டர் பருமனுள்ள ஒரு மீட்டர் செம்பு வயரின் தடை 0.034 ஓம் மட்டுமே. பேட்டரியின் அகத்தடையைச் சேர்த்தாலும் 100 ஆம்பியர் அளவுக்குப் பாயக்கூடும். அப்போது அந்த வயரில் மட்டும் 100 × 100 × 0.034 = 340 வாட் வெப்பம்! பிளாஸ்டிக் உறை உருகச் சில நொடிகள் போதும்.

அந்த மின்னோட்டம் வண்டியின் பியூஸ் வழியே போகவே இல்லை. பியூஸைத் தாண்டி அவரே தனிப் பாதை போட்டுவிட்டார். வாசலில் காவலாளி விழித்திருந்தும், திருடன் கொல்லைப்புறமாக வந்த கதை!

செய்ய வேண்டியவை

பியூஸ் விளக்கைக் காப்பதற்கு அல்ல, வயரைக் காப்பதற்கு. ஆகவே 1 ஆம்பியர் பியூஸை நேர்முனைக்கு மிக அருகில் வைக்க வேண்டும். பியூஸுக்கு முன்னுள்ள வயருக்குப் பாதுகாப்பு இல்லை. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும்படி இணைத்தால், இரவில் மறந்துபோய் பேட்டரி தீர்ந்துபோகாது. இணைப்புகளைப் பற்றவைத்து உறையிட வேண்டும். முறுக்கி டேப் சுற்றினால் ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் நீர் புகும். சட்டத்தில் உரசும் இடங்களில் வயருக்கு நெகிழ்குழாய் போட வேண்டும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. வாகனத்தின் முன்புறம் சிவப்பு ஒளி காட்டுவதை மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 தடை செய்கின்றன. காரணம் எளிது: இருட்டில் சிவப்பைப் பார்ப்பவர், வண்டி தம்மைவிட்டு விலகிப் போகிறது என்றே நினைப்பார். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும் ஆபத்தே. வண்டி நிற்கும்போது எரியும் அலங்காரமே நல்லது.

உங்களுக்கு ஒரு சோதனை: அண்ணனின் அனுமதியோடும் துணையோடும், மல்ட்டிமீட்டரால் அவர் வண்டியின் பேட்டரி மின்னழுத்தத்தை எஞ்சின் நின்றிருக்கும்போதும் ஓடும்போதும் அளந்து பாருங்கள். பிறகு ஒரு கணக்கு: மூன்று சிவப்பு டையோடுகள், 14.4 வோல்ட், 20 மில்லி ஆம்பியர். எத்தனை ஓம் மின்தடை வேண்டும்?

ராயகிரி மாணவர் இப்போது இந்தக் கணக்கைப் போட்ட பிறகே பற்றவைப்பானைக் கையில் எடுக்கிறார்.