வைக்கோலுக்குள் பூட்டிய சர்க்கரை... திறக்கும் சாவி எது?

ஒரு வாய் சோற்றை உடனே விழுங்காமல் ஒரு நிமிடம் மென்று பாருங்கள். லேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்ற என்சைம், சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதுதான் காரணம்.

அதே நெல்லின் வைக்கோலை எவ்வளவு நேரம் மென்றாலும் இனிக்காது. இத்தனைக்கும் இரண்டிலும் இருப்பது குளுக்கோஸ் சங்கிலிதான். கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. வைக்கோலில் உள்ள சங்கிலிக்குப் பெயர் செல்லுலோஸ். அதை உடைக்கும் என்சைம் நம் உடம்பில் சுரப்பதில்லை. மாட்டுக்கும் அது சொந்தச் சரக்கு இல்லை. அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள்தான் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன.

மாட்டு வயிற்றில் நடக்கும் இந்த வேலையைத்தான் இப்போது தொழிற்சாலைகள் செய்யப் பார்க்கின்றன. வைக்கோலில் இருந்து சர்க்கரை, சர்க்கரையில் இருந்து எத்தனால், எத்தனாலில் ஓடும் வண்டி. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ் நிறுவனம், எத்தனாலில் ஓடும் அப்பாச்சி பைக்கை 2019 ஜூலையிலேயே அறிமுகப்படுத்திவிட்டது. வண்டி தயார். எரிபொருளை எதிலிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி.

ஏன் வைக்கோல்?

இந்தியாவில் எத்தனால் பெரும்பாலும் கரும்பு, அரிசி, மக்காச்சோளத்தில் இருந்துதான் வருகிறது. மக்காச்சோளம் கோழித் தீவனமும்கூட. வண்டிக்கும் கோழிக்கும் போட்டி வந்தால், நாமக்கல் பண்ணைக்காரரின் செலவு ஏறும். முட்டை விலையிலும் அது தெரியும். சாப்பாட்டைத் தொடாமல் சக்கையில் இருந்து எத்தனால் எடுத்தால் அந்தப் போட்டியே இல்லை. அதனால்தான் இதற்கு ‘இரண்டாம் தலைமுறை எத்தனால்’ என்று தனிப் பெயர்.

முதலில் வெப்பம்... பிறகு என்சைம்

வைக்கோலில் செல்லுலோஸ் தனியாக இருப்பதில்லை. ஹெமிசெல்லுலோஸ் அதைச் சுற்றிக்கொண்டிருக்க, லிக்னின் என்ற பொருள் சிமென்ட் பூச்சு போல எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்தப் பூச்சு இளகினால்தான் என்சைம் உள்ளே நுழைய முடியும்.

எனவே, நறுக்கிய வைக்கோலைப் பிரஷர் குக்கர் போன்ற பெரிய கலனில் போட்டு, கொஞ்சம் அமிலம் சேர்த்து, 160 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரையான நீராவியில் சில நிமிடங்கள் வேகவைக்கிறார்கள். பதம் முக்கியம். வெப்பம் குறைந்தால் பூட்டு திறக்காது. கூடினால், கிடைத்த சர்க்கரையே கருகி, பிறகு சேர்க்கும் ஈஸ்ட்டுக்கு விஷமாகிவிடும்.

வெந்த கூழை ஆறவிட்டு, சுமார் 50 டிகிரியில் என்சைம் கலக்கிறார்கள். ஒரு வகை என்சைம் சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று முனையில் இருந்து இரண்டிரண்டு கண்ணியாகக் கழற்றும். மூன்றாவது, அந்த ஜோடியைப் பிரித்துக் குளுக்கோஸ் ஆக்கும். இதற்கே இரண்டு, மூன்று நாள் ஆகும். அதன்பின் ஈஸ்ட் புளிக்கவைத்து எத்தனால் தரும்.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

இந்த என்சைமின் கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் மளமளவென மக்கிப்போயின. பருத்தி கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ். சாலமன் தீவுகளில் கிடைத்த ஒரு பூஞ்சையை ஆராய்ந்த விஞ்ஞானி எல்வின் ரீஸின் நினைவாக அதற்கு ‘டிரைக்கோடெர்மா ரீசி’ என்று பெயர் வந்தது. படைக்கு எதிரியாக இருந்த அந்தப் பூஞ்சையின் வழிவந்த ரகங்கள்தான் இன்று ஆலைகளுக்கு என்சைம் சுரக்கின்றன.

என்சைம் தொழில் ஓசூருக்குத் தூரத்துச் சொந்தமும் இல்லை. பெங்களூரு-ஓசூர் சாலையில் உள்ள பயோகான், 1978-ல் பப்பாளியில் இருந்து என்சைம் எடுத்துத்தான் தொழிலைத் தொடங்கியது. அந்த என்சைம் பிரிவை 2007-ல் டென்மார்க்கின் நோவோசைம்ஸ் வாங்கியது.

பானிபட் சொல்லும் பாடம்

ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் சுமார் 900 கோடி ரூபாயில் கட்டிய ஆலை, 2022 ஆகஸ்ட் 10-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். அதாவது, டன்னுக்கு 150 லிட்டர்.

கணக்கு எளிது, நடைமுறை கடினம். அமெரிக்காவின் அயோவாவில் 2015-ல் டூபாண்ட் திறந்த ஆலை, இரண்டே ஆண்டில் உற்பத்தியை நிறுத்தியது. என்சைமுக்கு விலை உண்டு. வைக்கோல் மலிவு என்றாலும், கட்டி, ஏற்றி, மழையில் நனையாமல் ஆண்டு முழுக்க அடுக்கிவைப்பது மலிவு இல்லை.

கிருஷ்ணகிரியில் எது சக்கை?

வடக்கே வயலிலேயே கொளுத்தப்படும் வைக்கோல், இங்கே கொளுத்தப்படுவதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ராகித் தாள் போர் போட்டுக் காக்கப்படும் சொத்து. கோடையில் மாட்டைக் காப்பதும், பால் பணத்தைக் கொண்டுவருவதும் அதுதான். ஆலை அதை விலைக்குக் கேட்டால், கோழித் தீவனத்தில் வந்த அதே போட்டி மாட்டுக் கொட்டகைக்கும் வந்துவிடும்.

வேறு வகைச் சக்கையும் இங்கே உண்டு. மாம்பழக்கூழ் ஆலைகள் ஒவ்வொரு சீசனிலும் தோலையும் கொட்டையையும் குவிக்கின்றன. காடுகளில் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. ஆனால், மாந்தோல் சில நாளில் அழுகும், சீசனும் சில மாதம்தான். உண்ணிச்செடியை வெட்டிக் காட்டிலிருந்து இறக்கக் கூலி ஆகும்.

ஆக, இந்த மண்ணுக்கு ஏற்றது பானிபட் போன்ற ராட்சத ஆலையா, பல வகைச் சக்கையையும் மாற்றி மாற்றி வேகவைக்கும் சிறிய ஆலையா என்று முதலில் யோசிக்க வேண்டும். எதுவானாலும், மாட்டுக்கும் மண்ணுக்கும் போக மிச்சம் எவ்வளவு என்று விவசாயியிடம் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.