கழுவிய பின்னும் கல்லில் நிற்கும் கோடு

மன்னார் வீதியில் நெளுக்குளம் சந்தியைத் தாண்டும்போது சுவர்களிலும் மின்கம்பங்களிலும் கடதாசிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். கண்ணீர் அஞ்சலி, 31ஆம் நாள் அழைப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ், ரியூசன் விளம்பரம். இவற்றில் அநேகமானவை ஓவ்செற் அச்சில் பிறந்தவை. அந்த இயந்திரத்தின் அலுமினியத் தகட்டைக் கையால் தடவிப் பாருங்கள். எழுத்து மேடாகவும் இராது, பள்ளமாகவும் இராது. எங்கும் ஒரே மட்டம். மை பூசிய றோலர் தகடு முழுவதையும் உருண்டு கடக்கிறது. ஆனாலும் இறந்தவரின் முகத்திலும் பெயரிலும் மட்டும் மை ஏறுகிறது, சுற்றியுள்ள வெளி வெள்ளையாகவே நிற்கிறது. அது எப்படி?

இதற்கு விடை கண்டவர் அலோயிஸ் சேனஃபெல்டர். ஜேர்மனியின் மியூனிக் நகரில் நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர். நாடகங்களை அச்சிடப் பணமில்லை, தானே மலிவாக அச்சிட வழி தேடினார். 1796இல் ஒருநாள் சலவைக்காரி வாசலில் காத்து நிற்க, துணிக்கணக்கு எழுதத் தாய் கேட்டபோது வீட்டில் துண்டுக் கடதாசிகூட இல்லை. மெழுகும் சவர்க்காரமும் விளக்குப்புகைக் கரியும் கலந்து தான் செய்து வைத்திருந்த மையால் பக்கத்திலிருந்த கல்லில் எழுதினார் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தக் கதை கொஞ்சம் அழகாகத்தான் படுகிறது. கண்டுபிடிப்பாளர்கள் தம் கதையைச் சொல்லும்போது சலவைக்காரிகள் சரியான நேரத்துக்கு வந்துவிடுவார்கள். ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுக்குள் அவர் எட்டிய முடிவில் ஐயமில்லை. கல்லைச் செதுக்கவே தேவையில்லை, எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ள பகையே போதும்.

வேலை நடக்கும் விதம் இது. வழுவழுப்பாகத் தேய்த்த சுண்ணக்கல்லில் கொழுப்புள்ள கரிக்கோலால் படம் வரைவார்கள். பிறகு அரபுக் கோந்துக் கரைசலில் சில துளி நைத்திரிக்கமிலம் விட்டு மேலே பூசுவார்கள். கோலிலிருந்த கொழுப்பமிலம் கல்லின் கல்சியத்தோடு இணைந்து, நீரை வெறுக்கும் ஒரு மெல்லிய படையாகிறது. கோடு விழாத இடங்களில் கோந்து ஒட்டிக்கொண்டு நீரை விரும்பும் தோலாகிறது. கோந்து என்றதும் வன்னியில் நமக்கு விளாத்திதான் நினைவுக்கு வரும். கண்டிக்கால விகாரைகளில் சுவரோவியம் எழுதியவர்கள் வர்ணம் குழைத்தது விளாம்பிசினில்தான். கல்லச்சுக்கு வருவது ஆபிரிக்க அக்கேசியாவின் பிசின்.

இனி நடப்பதைப் புதிதாகப் பார்ப்பவர் பதறிப்போவார். டேப்பன்ரைன் தைலத்தால் துடைத்து, வரைந்த படம் முழுவதையும் அழித்துவிடுவார்கள். கல் வெறுமையாகத் தெரியும். அதை ஈரப்படுத்தி, எண்ணெய் மை தோய்ந்த றோலரை உருட்டுவார்கள். நீர் நின்ற இடம் மையைத் தள்ளுகிறது. கொழுப்பு படிந்த இடம் மையை வாங்குகிறது. இரண்டு மூன்று தரம் உருட்டியதும் அழிந்த படம் கோடு கோடாக எழுந்து வரும். கண்ணுக்குத் தெரிந்த கரி போய்விட்டது. கல்லின் மேற்பரப்பில் சில மூலக்கூறுகளின் ஒழுங்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது, நூற்றுக்கணக்கான பிரதிகளுக்கு அதுவே போதும். சந்தியில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியின் அலுமினியத் தகடும் இதே விதிப்படிதான் வேலை செய்கிறது.

எந்தக் கல்லானாலும் இதற்குச் சரி என்றில்லை. நெளுக்குளத்துக்குக் கீழே கிடப்பது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பே வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறை. புவியியலாளர்கள் உலகெங்கும் அதை வன்னித் தொகுதி என்றே அழைக்கிறார்கள். அதில் போதிய சுண்ணம் இல்லை. வடக்கே யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல் தாராளம். ஆனால் அது சிப்பியும் முருகைக்கல்லும் துவாரமுமாக, கோடு கீற இடம் கொடாத கல். பவேரியாவின் சோல்ன்ஹோஃபென்னில்தான் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், அலையடிக்காத ஒரு கடலேரியின் அடியில், மாவிலும் நுண்ணிய சேறு படிந்து இறுகியது. அச்சுக்காகக் கல் வெட்டிய அந்தக் குழிகளில்தான் 1861இல் இறகோடு கூடிய ஒரு பழம்பிராணி வெளிப்பட்டது. ஆர்க்கியோப்ரெரிக்ஸ் லித்தோகிராபிக்கா என்று பெயர் வைத்தார்கள், கல்லச்சுக் கல்லிலிருந்து வந்ததால். மயிரிழைக் கோட்டை வாங்கும் அதே நுண்மைதான் இறகின் இழைகளையும் காத்து வைத்திருந்தது.

இந்தக் கற்கள் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தன. ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்துக்கு ஜேர்மனியிலிருந்து இயந்திரம் வந்தது, தொழில்நுட்பரும் வந்தார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒவ்வொரு நிறமும் முந்தியதன்மேல் மயிரளவும் விலகாமல் விழவேண்டும். நம் வீடுகளின் சாமியறையில் தாமரைமேல் நிற்கும் லட்சுமியும் வீணை ஏந்திய சரஸ்வதியும் அந்தப் படங்களின் பேரப்பிள்ளைகள். அரண்மனையில் தொங்கிய ஓவியம் குடிசைக்கு வந்தது அச்சால்தான்.

ஆனால் ரவிவர்மா அச்சகத்தில் ஓவியர் ஒருவர், அச்சிடுவோர் வேறு பலர். ஓவியரே கையில் மையோடு அச்சியந்திரத்துக்கு முன் நிற்பது வேறு கதை. ஓவியம் தீட்ட ஒரு மூலை போதும். அச்சுக்கலைக்கு அப்படியில்லை. கல்லச்சைப்போலன்றி, தகட்டைச் செதுக்கிப் பள்ளத்தில் மை நிரப்பி எடுக்கும் அச்சும் உண்டு. அந்தத் தகட்டை ஈரக் கடதாசியோடு இரண்டு உருளைகளுக்கிடையே நெரிக்கும் இயந்திரம் ஒரு மனிதனால் தூக்க முடியாத பாரம். செம்புத் தகட்டை அரிக்கப் பெரிக் குளோரைட்டுத் தொட்டி வேண்டும், நாகத் தகடென்றால் நைத்திரிக்கமிலமும் காற்றோட்டமும் வேண்டும். கற்களோ பொன் விலை. ஆகவே கலைஞர்கள் கூடி ஒரு பட்டறை வைத்தார்கள். இலட்சியத்தால் கூடினார்கள் என்பதைவிட இயந்திரத்தின் எடையால் கூடினார்கள் என்பதே சரி.

அவற்றில் பேர்பெற்றது 1927இல் பாரிசில் ஸ்ரான்லி வில்லியம் ஹேற்றர் என்ற ஆங்கிலேயர் தொடங்கியது. பிறகு தெரு இலக்கத்தால் அற்றெலியே 17 ஆனது. ஹேற்றர் இலண்டனில் இரசாயனமும் புவியியலும் படித்தவர், பாரசீகத்தின் அபதானில் எண்ணெய்க் கம்பனியில் வேலை பார்த்தவர். பிக்காசோ, மீரோ, ஜாக்கொமெற்றி என்று யார் யாரோ அந்தப் பட்டறையில் வேலை செய்தார்கள். போர்க்காலத்தில் அது நியூயோர்க்குக்கு இடம்பெயர்ந்து, 1950இல் பாரிஸ் திரும்பியது.

அங்கே வந்து சேர்ந்தவர் கிருஷ்ண ரெட்டி. சித்தூர் மாவட்டத்துக் கிராமத்தில் 1925இல் பிறந்து, சாந்திநிகேதனில் நந்தலால் போசிடம் படித்து, 1940களின் இறுதியில் சென்னைக் கலாக்ஷேத்திராவின் ஓவியப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்திவிட்டுக் கடல் கடந்தவர். அடிப்படையில் சிற்பி. தகட்டையும் சிற்பம்போலவே குடைந்தார்: மேல்தளம், நடுத்தளம், அடித்தளம். அவரும் ஹேற்றரும் பம்பாய்க்காரரான கைகோ மோதியும் மற்றவர்களும் 1950களில் சேர்ந்து உருவாக்கிய முறை, ஒரே தகட்டிலிருந்து ஒரே அழுத்தலில் பல நிறங்களை எடுக்கிறது. ரவிவர்மாவுக்குப் பல கற்கள் தேவைப்பட்ட இடம் அது.

சூட்சுமம் மையின் பிசுக்குமையில், அதாவது ஒரு திரவம் ஓடத் தயங்கும் அளவில் இருக்கிறது. ஆளி விதை எண்ணெய் விட்டு இளக்கிய மையைக் கடின றோலரால் உருட்டினால் அது மேல்தளத்தை மட்டும் தொடும். அடுத்து, எண்ணெய் குறைந்த கெட்டி மை பூசிய மென்மையான றோலர். அது அழுத்தத்தில் நசிந்து பள்ளங்களுக்குள் இறங்கும். மேல்தளத்தையும் அது தொடத்தானே வேண்டும், நிறங்கள் கலந்துவிடாதா? கலப்பதில்லை. எண்ணெய் பூசிய பலகையில் ரொட்டி மா ஒட்டாததுபோல், இளகிய மை கிடக்கும் இடத்தில் கெட்டி மை ஒட்டாது. றோலர் விலகும்போது அறுபடுவது பலவீனமான படையாகிய இளகிய மைதான். கெட்டி மை றோலரோடு திரும்பிவிடுகிறது. வெறும் உலோகம் தெரியும் பள்ளத்தில் மட்டும் அது பிடிக்கும். வரிசையை மாற்றினால் கணக்குத் தலைகீழாகிவிடும். கெட்டி மைமேல் இளகிய மை ஏறி உட்கார்ந்துகொள்ளும். கிருஷ்ண ரெட்டியின் 1963ஆம் ஆண்டு ‘நீர்ச்சுழி’யில் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தும் குழம்பாமல் சுழல்வதற்கு இதுவே காரணம்.

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒருவரைச் சுட்டுவது கடினம், அந்த வழக்கில் எனக்கு அக்கறையும் இல்லை. ஒருவர் தகட்டில் தவறிப் படிந்த மையைப் பக்கத்து மேசைக்காரர் பார்க்கக்கூடிய இடத்தில் பிறந்த அறிவு அது. பட்டறை தன்னிடமிருந்ததை வெளியாருக்கும் கொடுத்தது. 1944இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் அதன் கலைஞர்களுக்கென்றே கண்காட்சி வைத்தது. அதற்கு முன் 1939இல், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் ஆதரவிழந்த குழந்தைகளுக்காகக் காண்டின்ஸ்கி, மீரோ, ஹேற்றர் உட்பட ஒன்பது பேர் ஆளுக்கொரு தகடு செய்து ஒரு கோவையாக விற்றார்கள். ஓர் ஓவியம் ஒரு வீட்டுக்குத்தான் போகும். தகடு பல வீடுகளுக்குப் போகும், பணமும் அத்தனை மடங்கு திரளும். பட்டறை நியூயோர்க்கில் இருந்தபோது ஜக்சன் பொலொக் என்ற ஓவியர் 1944, 45இல் செதுக்கிய தகடுகள் அவர் இருக்கும்வரை முறையான பதிப்புக் காணவில்லை. அவர் இறந்து 11 ஆண்டு கழித்து, 1967இல் மை பூசி எடுத்தார்கள்.

சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் இன்றும் இப்படியொரு பொது அச்சுக்கூடம் உண்டு. இயந்திரம் வாங்க முடியாத இளைஞர்கள் அங்கே வேலை செய்கிறார்கள்.

இயந்திரமே இல்லாவிட்டாலும் தொடங்கலாம். பள்ளிக்கூடத்தில் வெண்டிக்காயை வெட்டி வர்ணத்தில் தோய்த்து ஒற்றிய எவரும் மேடச்சு செய்தவர்தான். அதே வகையைப் பலகையிலோ லினோலியத் துண்டிலோ செதுக்கினால், மை பூசிக் கடதாசியை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தே பிரதி எடுத்துவிடலாம். பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து, ஒவ்வொருவரும் தன் தகட்டிலிருந்து 12 பிரதி எடுப்பார்கள். அடுக்கிக் கட்டினால் பத்துப் படங்கள் கொண்ட 12 கோவைகள். பத்துப் பேருக்கும் ஆளுக்கொன்று, மிச்சம் இரண்டு ஊருக்கு. ஒன்று கண்காட்சிக்குப் போகலாம், மற்றது நூலகத்தில் யாரும் கேட்டுப் பார்க்க இருக்கலாம். ஒவ்வொரு படத்தின் அடியிலும் பென்சிலால் 3/12, 7/12 என்று எழுதியிருக்கும். முந்தியது பிரதியின் இலக்கம், பிந்தியது மொத்தப் பதிப்பு. ஏழாவது மூன்றாவதைவிடக் குறைந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, பன்னிரண்டும் அசல்.