கம்பிக் கூம்பு ஏரியலும் கணினிக் கணக்கும்

வானொலி அலைகளை விடுக்கவும் ஏற்கவும் பயன்படும் ஏரியல்களுள் கூம்பு வடிவினவும் சில உள. நேர்க்கம்பி ஏரியல் தன் நீளத்திற்கு ஏற்ற அலைக்கே நன்கு இசையும். கூம்போ, நுனியிலிருந்து நோக்குங்கால் எவ்வளவு பெருக்கினும் வடிவு மாறாதாகலின், பற்பல அலைநீளங்களுக்கு ஒருங்கே இசையும். ஆலிவர் லாட்ஜ் என்னும் ஆங்கில அறிஞர் 1898-ஆம் ஆண்டில் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையிலேயே இரட்டைக் கூம்பு காணப்படுகின்றது. கூம்பின்மேல் வட்டத்தகடு அமைந்த டிஸ்கோனுக்குக் கண்டோயன் என்பார் 1945-இல் காப்புரிமை பெற்றார்.

தகட்டாற் செய்த கூம்பு பாரமுடையது; காற்றையும் எதிர்த்து நிற்கும். ஆதலின் தகட்டிற்குப் பதிலாகக் கம்பிகள் சிலவற்றைக் கூம்புபோற் சாய்த்து நிறுத்துதல் வழக்கமாயிற்று. அக்கம்பிகள் தகட்டின் தொழிலைச் செய்யுமா என்பதைக் கட்டுமுன்னரே அறிதற்குக் கணினி துணை செய்கின்றது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவாகி, இரண்டாம் பதிப்பு 1981-இல் வெளிவந்த 'நெக்' என்னும் மென்பொருள் இத்துறையிற் பெயர்பெற்றது.

அது கணக்கிடும் முறையை ஒருவாறு விளக்குவாம். ஒவ்வொரு கம்பியும் சிறு துண்டுகளாகப் பகுக்கப்படும். ஒரு துண்டில் ஓடும் மின்னோட்டம் ஏனைய துண்டுகள் அனைத்தையும் தாக்குமன்றோ? அத்தாக்கங்களைச் சமன்பாடுகளாக எழுதி, ஒருங்கே தீர்த்து, ஒவ்வொரு துண்டின் மின்னோட்டத்தையும் காண்பர். துண்டின் நீளம் அலைநீளத்திற் பத்தில் ஒரு பங்கை மிகலாகாது. 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டராதலின், துண்டு 30 சென்டிமீட்டருக்கு உட்படவேண்டும்.

கம்பிகளை மிகுத்தால் உண்மைக் கூம்பை நெருங்கலாம் என்று எண்ணுதல் இயல்பே. ஆயின் இடர் நுனியில் உளது. அச்சிலிருந்து 47 பாகை சாய்ந்த, 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கம்பிகளைக் கொள்வோம். நுனியிலிருந்து 5 மில்லிமீட்டர் தொலைவில், 8 கம்பிகளாயின் அடுத்தடுத்த கம்பிகளின் நடுக்கோடுகள் 2.8 மில்லிமீட்டர் விலகி நிற்கும். 32 கம்பிகளாயின் அவ்விலக்கம் 0.7 மில்லிமீட்டரே. கம்பியின் விட்டமோ 2 மில்லிமீட்டர்! ஒன்றனுள் ஒன்று புகுந்த கம்பிகள் உலகில் இல்லை, கணக்கிலோ உண்டாகிவிடுகின்றன. மென்பொருளும் பெரும்பாலும் மறுக்காது விடையளித்துவிடும்.

இதற்குப் பரிகாரம், கம்பிகளை ஒரு புள்ளியிற் சேர்க்காது சிறு வளையத்திலிருந்து தொடங்குதலாம். பின்னர் விடையை மூவகையாற் சோதித்தல் வேண்டும். துண்டுகளை இரட்டித்தாலும் விடை பெரிதும் மாறலாகாது. இழப்பில்லாத ஏரியலுக்கு, எல்லாத் திசைகளிலும் கண்ட ஆதாயத்தின் சராசரி 1 ஆதல் வேண்டும். பரந்த தளத்தின்மேல் நிற்கும் 47 பாகைத் தகட்டுக் கூம்பிற்குச் சூத்திரம் தரும் மின்தடை 50 ஓம். கம்பிகள் மிக மிக, கணினியின் விடையும் அதனை நாடல் வேண்டும்.

நாம் வகுத்த உருவத்திற்கே கணினி விடை கூறும்; அவ்வுருவம் பொருந்துமோ என்று ஆராய்தல் மாணவர் கடனாகும்.