முழக்கோலும் மழைமானியும்

கள்ளிக்காட்டிலிருந்து பாறசாலை வரைக்கும், கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், மிஞ்சியிருக்கும் பழைய ஓட்டுவீடுகளுக்குக் காகிதத்தில் வரைபடம் கிடையாது. வீட்டுக்காரர் மனையைக் காட்டி, “நாலு பேரு படுத்து எழும்ப இடம் வேணும் ஆசாரியே, நெல்லு போட ஒரு அறையும் வேணும்” என்று சொல்லுவார். மூத்தாசாரி முழக்கோல் என்னும் அளவுகோலை ஊன்றி நின்று கொஞ்ச நேரம் யோசிப்பார். பிறகு வீட்டின் சுற்றளவைச் சொல்லுவார். மீதி எல்லாம் அந்த ஒற்றை எண்ணிலிருந்து பிறந்தது.

எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு கோலுக்கு 24 விரல். இன்றைய அளவில் கோல் 72 சென்டிமீட்டர், விரல் 3 சென்டிமீட்டர். சுற்றளவு 41 கோல் 16 விரல் என்று வைத்துக்கொள்வோம்; சரியாக 30 மீட்டர். அதை மூன்றால் பெருக்கினால் 125. எட்டால் வகுத்தால் மீதி 5. மீதி ஒற்றைப்படையாக வந்தால் வீடு கட்டலாம். எட்டு விரல் கூட்டி 42 கோல் ஆக்கினால் மீதி 6. அந்த அளவு ஆகாது. இதற்கு யோனிக் கணக்கு என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் மூசது எழுதிய ‘மனுஷ்யாலய சந்திரிகை’ இந்த மரபின் முக்கியமான நூல். சுற்றளவு நிலைத்தால் நீளமும் அகலமும் அதற்குள் அடங்க வேண்டும். அவை அடங்கினால் உத்திரத்தின் நீளம் தெரியும். உத்திரமும் சரிவும் தெரிந்தால் கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கழுக்கோல் ஒவ்வொன்றையும் எங்கே வெட்டுவது என்பது தெரியும். மூலைக் கழுக்கோலைத் தரையிலேயே அறுத்து வைத்துவிட்டு, மேலே ஏற்றும்போது பொருந்தச் செய்தவர்கள் அந்த ஆசாரிகள்.

ஒரு அளவை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா அளவும் விதிப்படி மாறும். கட்டடக்கலைக் கல்லூரியில் இதைத்தான் இன்று பாராமெட்ரிக் டிசைன் என்கிறார்கள். யோனிக் கணக்கில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். விதியை எழுதி வைத்து, அதற்குள் எண்ணைப் போட்டு, வடிவத்தை வரவழைக்கும் முறை ஆசாரியின் தலைக்குள் இருந்தது. அந்தக் கணக்கை நாம் சகுனம் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குள் இருந்த வடிவக் கணிதத்தைக் கைவிட்டோம். எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

கணினி இதே வழிக்குப் பிறகுதான் வந்தது. 1963-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் செய்த ஸ்கெட்ச்பேட், திரையில் ஒளிப்பேனாவால் வரைந்த கோடுகளை விதிகளுக்குக் கட்டுப்படுத்தியது. 2007-இல் டேவிட் ரட்டன் ரைனோ என்னும் வடிவமைப்பு மென்பொருளுக்குள் ஒரு கருவியைச் சேர்த்தார். அதுதான் பின்னர் கிராஸ்ஹாப்பர் என்று உலகம் முழுவதும் பரவியது. அதில் கோடு போடுவதில்லை. சிறு சிறு பெட்டிகளைக் கம்பியால் இணைப்பதுபோல் இணைக்க வேண்டும். ஒரு பெட்டியில் சுற்றளவு, அடுத்ததில் சரிவு, அதற்கடுத்ததில் கழுக்கோலின் நீளம். முதல் பெட்டியின் எண்ணை நகர்த்தினால் கூரை முழுவதும் திரையில் எழும்பித் தாழும்.

ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது? அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

ஆசாரிக்கு மழையும் வெயிலும் காற்றும் உடம்பின் வழியாக வந்தன. தென்மேற்குப் பருவமான இடவப்பாதி மழை எந்தப் பக்கமிருந்து சாய்ந்து அடிக்கும், வடகிழக்குப் பருவமான துலாவர்ஷம் எந்த நேரத்தில் இடியோடு இறங்கும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். ஊரில் விவசாயிகளுக்கு ஞாற்றுவேலைக் கணக்கு இருந்தது. வருஷத்தை 27 நட்சத்திரங்களுக்குப் பகுத்து, பதின்மூன்று பதினான்கு நாளுக்கு ஒன்றாக வைத்த கணக்கு அது. திருவாதிரை ஞாற்றுவேலையில் மழை விடாது என்று மிளகுக்கொடி நட்டார்கள். இருபத்தேழு வரிகள் கொண்ட வானிலைக் கோப்பு என்றே அதைச் சொல்லலாம். பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையில் சாய்வாக அடுக்கிய மரச்சட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெயில் உள்ளே வராது, காற்று வரும், உள்ளிருந்து வெளியே பார்க்கலாம். அந்தச் சாய்வு, கண்டறிந்த ஒரு தகவலை மரத்தில் உறையவைத்தது. ஒருமுறை வைத்தால் வைத்ததுதான்.

கருவியால் அளந்து எழுதி வைக்கும் வழக்கம் எங்கள் பகுதிக்கு வந்த கதை பலருக்குத் தெரியாது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837-இல், திருவனந்தபுரத்தில் வானாய்வகம் அமைந்தது. ஜான் கால்டிகாட் அதன் முதல் இயக்குநர். 1852-இல் அந்தப் பொறுப்புக்கு வந்த ஜான் ஆலன் பிரவுன், அகத்தியமலையின் மேலேயே ஒரு ஆய்வுக் கூடம் அமைத்தார். கள்ளிக்காட்டுக்குக் கிழக்கே நிற்கும் மலை அது. நெய்யாறு அங்கேதான் பிறக்கிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில், குளிரிலும் மஞ்சிலும், உள்ளூர் உதவியாளர்கள் உட்கார்ந்து காந்தமுள்ளின் அசைவையும் வானிலையையும் குறித்தார்கள். அந்தக் காந்த அளவுகள் 1874-இல் புத்தகமாக வந்தன. ஒரு எண்ணை மலையிலிருந்து காகிதத்துக்குக் கொண்டுவர மனிதர்கள் காட்டுக்குள் ஏறி இறங்க வேண்டியிருந்த காலம் அது.

இன்றைக்கு அந்த வேலையைத் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு போர்டு செய்கிறது. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காக உருவானது ஆர்டுயினோ. வெப்பம், ஈரப்பதம், வெளிச்சம் இவற்றை உணரும் சென்சாரை அதில் மாட்டி, யுஎஸ்பி கம்பியால் கணினியில் இணைத்தால் எண்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஆர்டுயினோ ஊனோவில் சென்சாரின் மின்னழுத்தம் 0 முதல் 1023 வரை ஒரு எண்ணாக மாறுகிறது. ஆண்டி பெயினும் ஜேசன் கெல்லி ஜான்சனும் உருவாக்கிய ஃபயர்ஃப்ளை என்னும் இணைப்புக் கருவி, அந்த எண்ணைக் கிராஸ்ஹாப்பரின் பெட்டிக்குள் நேரே கொண்டுவந்தது. வெளிச்சம் ஏறினால் திரையில் ஜன்னல் சட்டம் சாய்கிறது. அதே கம்பி வழியாக எண்ணைத் திருப்பி அனுப்பினால், மோட்டார் மாட்டிய நிஜச் சட்டமும் சாய்கிறது. மந்திரசாலையில் உறைந்து நின்ற சாய்வு இங்கே நாள் முழுவதும் அசைகிறது. எங்கள் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் பெரிய அளவில் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். 2012-இல் அபுதாபியில் முடிந்த அல் பஹர் கோபுரங்களின் வெளித்திரைகள், சூரியன் நகர நகரக் குடைபோல் விரிந்து மடங்குபவை.

சென்சார் இல்லாமலும் வெளித் தகவலை இணைக்கலாம். லேடிபக் என்னும் கருவி வானிலைக் கோப்பைப் படித்து, சூரியனின் பாதையையும் காற்றின் திசையையும் வரைபடத்தின் மேலேயே போட்டுக் காட்டும். அந்தக் கோப்பில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரியாக வருஷத்துக்கு 8,760 வரிகள். ஞாற்றுவேலையின் 27 வரிகள் 8,760 ஆகிவிட்டன.

ஆகிவிட்டன என்றாலும் ஒரு குறை இருக்கிறது. கள்ளிக்காட்டில் ஒரு வீட்டையோ பள்ளியையோ வடிவமைக்க உட்காருபவர் எடுப்பது திருவனந்தபுரத்தின் கோப்பு. கடலோர நகரத்தின் காற்றும் மழையும் மலையடிவாரத்தின் காற்றும் மழையும் ஒன்றல்ல என்பதை நெய்யாறு அணையின் மதகுப் பக்கம் நின்று கிழக்கே கருக்கும் மேகத்தைப் பார்த்த சிறுபிள்ளையும் சொல்லும். கடற்கரையில் வெயில் காயும்போது மலையில் பொழியும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் எல்லையின் இரு பக்கத்தையும் அடித்தபோது, ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் சேதம் எவ்வளவு வேறுபட்டது என்பது ரப்பர் மரம் சாய்ந்தவர்களுக்குத் தெரியும். மென்பொருள் எந்த எண்ணையும் சந்தேகிக்காது. தகரக் கூரைக்கு அடியில் சென்சாரை மாட்டினால் தகரத்தின் சூட்டை ஊரின் சூடு என்று நம்பிச் சட்டத்தை மூடும். முப்பது கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழையைக் கொடுத்தால் அந்த மழைக்குத் தக்க கூரையைத்தான் வரையும். ஆசாரியின் அளவுகளில் பிழை இருந்திருக்கலாம். ஆனால் அவை இந்த மண்ணில் நின்று எடுத்தவை. இன்றைய அளவுகள் துல்லியமானவை, வேறு ஊருக்கு உரியவை. இரண்டில் எது நல்லது என்று என்னைக் கேட்டால், துல்லியத்தை நம் ஊருக்குக் கொண்டுவருவதுதான் நல்லது என்பேன். அது கடினமும் அல்ல.

ஒரு எளிய கணக்கு. நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர் தண்ணீர். அறுபது மில்லிமீட்டர் பெய்தால் ஆறாயிரம் லிட்டர். ஓட்டின் விளிம்பில் தொங்கும் பாத்தி எவ்வளவு அகலம் வேண்டும், தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பது இந்த எண்ணில் நிற்கிறது. விலை கொடுத்து ரைனோ வாங்க முடியாதவர்களுக்கு ஃப்ரீகேட் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குள்ளேயே ஒரு அட்டவணை உண்டு. ஒரு கட்டத்தில் மழையளவை எழுதி, பாத்தியின் அகலத்தை அந்தக் கட்டத்தோடு இணைத்துவிட்டால், எண் மாறும்போது பாத்தியும் மாறும். கொஞ்சம் பைத்தான் தெரிந்த மாணவர் அந்தக் கட்டத்தை மழைமானியோடு இணைத்துவிடுவார். மழைமானிக்குள் இருப்பதும் பெரிய மர்மம் அல்ல. இரண்டு சிறு கிண்ணங்கள் துலாபோல் ஆடும். நிறைந்த கிண்ணம் சாய்ந்து கொட்டும்போது ஒரு காந்தம் சுவிட்சைக் கடக்கும். ஆர்டுயினோ ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். அவ்வளவுதான்.

அந்த ஆர்டுயினோ போர்டும் தூரத்தில் இல்லை. பள்ளிகளின் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் கேரள அரசின் கைட் நிறுவனம் 2022 டிசம்பரில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ரோபாட்டிக் கிட்டுகளைக் கொடுக்கத் தொடங்கியது. 2025-26 கல்வியாண்டிலிருந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ரோபாட்டிக்ஸ் பாடம் இருக்கிறது. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் கள்ளிக்காட்டிலும் படிக்கும் பிள்ளைகளின் கைக்குச் சென்சார் வந்துவிட்டது. தானே திறக்கும் கதவு செய்து காட்டிக் கைதட்டு வாங்குவதோடு அது நின்றுவிடக் கூடாது.

ஆசிரியர்களிடமும் எல்லைக்கு இந்தப் பக்கம் விளவங்கோட்டிலிருக்கும் பள்ளிகளிடமும் நான் கேட்பது இதுதான். பள்ளி முற்றத்தில், மரநிழலும் கூரையும் விலகிய இடத்தில், ஒரு மழைமானி வையுங்கள். கிட் இல்லையென்றால் நேரான சுவருள்ள ஒரு டப்பாவும் ஒரு அளவுகோலும் போதும். வானிலைத் துறை அளக்கும் அதே காலை எட்டரை மணிக்கு அளந்து, மில்லிமீட்டரில், தேதி போட்டு எழுதுங்கள். விடுமுறை நாளிலும் யாராவது ஒரு பிள்ளை எழுதட்டும். ஊரில் மூத்தாசாரி யாராவது உயிரோடு இருந்தால், அவரை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, கழுக்கோல் கணக்கைச் சொல்லச் சொல்லி, பிள்ளைகள் அதைக் கணினியில் ஏற்றட்டும். ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி மழை இறங்கும். அதற்கு முன்னால் மழைமானி முற்றத்தில் நிற்க வேண்டும்.