மீன்கடைப் பூனையும் உறங்கும் எக்ஸும்

சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ மீன்கடை ஓரம் வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் கலந்த பூனை உட்கார்ந்திருந்தால், அது பெட்டை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். மூவண்ணக் கடுவன் மிக அபூர்வம்.

செம்மஞ்சளைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதே காரணம். கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான். கறுப்பு, செம்மஞ்சள் இரண்டில் ஒன்றே வாய்க்கும். பெட்டைக்கு இரண்டு. கருவில் இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் அவற்றில் ஒன்றை உறங்கவைத்துவிடும். விழித்திருக்கும் எக்ஸைப் பொறுத்து, அந்தச் செல்லிலிருந்து பெருகும் திட்டின் நிறம் அமையும். வெள்ளை மட்டும் வேறொரு மரபணுவின் வேலை.

பெண்களின் உடலிலும் இதுவே நடக்கிறது. எக்ஸில் 800-க்கும் மேற்பட்ட புரத மரபணுக்கள் உள்ளன. இரண்டு எக்ஸும் முழுவீச்சில் இயங்கினால் கரு தாங்காது. அதனால் ஒன்று ஓய்ந்துவிடுகிறது என்று 1961-ல் சொன்னவர் பிரிட்டனின் மேரி லியான்.

ஓயவைப்பது யார்? 1991-ல் விடை கிடைத்தது: எக்ஸிஸ்ட் என்ற நீண்ட ஆர்என்ஏ. நாம் பள்ளியில் படித்த தூது ஆர்என்ஏ, புரதம் செய்வதற்கான குறிப்பு. சுமார் 17,000 எழுத்து நீளமுள்ள எக்ஸிஸ்டோ எந்தப் புரதத்தையும் செய்வதில்லை. தான் பிறந்த குரோமோசோமின் மேலேயே படர்ந்து, ஸ்பென் போன்ற புரதங்களை அழைத்துவந்து, பெரும்பாலான மரபணுக்களை அடைத்துவிடுகிறது. சுருண்டு இறுகிய அந்த எக்ஸ், உட்கருவின் ஓரத்தில் பொட்டுப்போல ஒட்டிக்கொள்ளும். 1949-ல் மரே பார் அந்தப் பொட்டை முதலில் கண்டதும் பெட்டைப் பூனையின் நரம்பு செல்லில்தான்.

ஒரு எக்ஸ் ஓய்வதன் விளைவை மனிதத் தோலிலும் பார்க்கலாம். எக்ஸ் வழியாக வரும் ஒரு கோளாறில் வியர்வைச் சுரப்பிகள் சரியாக உருவாவதில்லை. அது உள்ள சிறுவனுக்குத் தாம்பரத்தின் மே மாத வெயில் உயிருக்கே ஆபத்து. அதைச் சுமக்கும் தாயின் முதுகில் அயோடினும் ஸ்டார்ச்சும் தடவினால், வியர்க்கும் இடம் கருநீலமாகும். வியர்க்காத இடம் வெளிறியே இருக்கும். பூனையின் திட்டுகளைப் போலத்தான்.

எக்ஸிஸ்டுக்கு நோயிலும் பங்கு இருக்கலாம். உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோயில், நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். 2024-ல் ஸ்டான்ஃபோர்டின் ஹோவர்ட் சாங் குழு, அந்நோய்க்கு எளிதில் ஆளாகும் வகை ஆண் எலிகளில் எக்ஸிஸ்டை இயங்கவைத்து நோயைத் தூண்டியது. பெண் எலிகளுக்கு ஏறக்குறைய ஈடாக அவற்றுக்கும் நோய் வந்தது. எக்ஸிஸ்டோடு ஒட்டியிருக்கும் புரதங்களையே உடலின் எதிர்ப்பாற்றல் பகையாக நினைத்துத் தாக்குகிறது என்பது அவர்கள் விளக்கம்.

மூட்டுவலி, தீராத சோர்வு, கன்னத்தில் சிவப்புத் தடிப்பு என்று சொல்லும் பெண்ணிடம், "வேலை அதிகம், ரெஸ்ட் எடு" என்பதோடு வீட்டார் நிறுத்திக்கொள்ளக் கூடாது. அது லூபஸாகவும் இருக்கலாம்; ரத்தப் பரிசோதனைக்கு உடனே அழைத்துப் போக வேண்டும். அவள் சொல்லும் வலிக்கு, அவள் பிறக்கும் முன்பே செல்லுக்குள் எழுதப்பட்ட காரணமும் இருக்கலாம்.