இசையில் பிறந்த உலகமும் ஒரு கொல்லரும்

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தைப் பேரப்பிள்ளைகள் எத்தனையாவது தடவையோ பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி நம்மில் பலர் வீட்டில் உண்டு. 2001 முதல் 2003 வரை மூன்று பாகங்களாக வந்த படம். வாளும் குதிரையும் கோட்டையுமாக ஒரே சண்டை என்று பெரியவர்கள் எழுந்து போய்விடுகிறோம். ஆனால் அந்தக் கதைக்கு அடியில் அஸ்திவாரமாக ஒரு சிருஷ்டிக் கதை இருக்கிறது. ‘தி சில்மரில்லியன்’ என்ற புத்தகத்தின் தொடக்கத்தில் சில பக்கங்களே வருகிறது. என்னைக் கேட்டால், மூன்று படங்களையும் விட அந்தச் சில பக்கங்கள் பெரியவை.

எழுதியவர் ஜே. ஆர். ஆர். டோல்கியன் (1892–1973). ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர், பழைய ஆங்கிலத்தில் பண்டிதர். 1916இல் பிரான்ஸின் சோம் போர்முனையில் சிக்னல் அதிகாரியாக இருந்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருந்த நண்பர்கள் இருவரை அந்த வருடமே போர் கொண்டுபோய்விட்டது. போர் முடிந்து ஆக்ஸ்ஃபோர்டு அகராதி அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில்தான் இந்தச் சிருஷ்டிக் கதையின் முதல் வடிவத்தை எழுதினார். உலகம் ஏன் இவ்வளவு கோணலாக இருக்கிறது என்று அந்த இளைஞர் கேட்டுக்கொண்டே எழுதியதாக எனக்குப் படுகிறது.

கதை இதுதான். ஆதியில் இருப்பவர் ஒருவரே. எரு என்றும் இலூவதார் என்றும் பெயர். அவர் சிந்தனையிலிருந்து ஐனூர் என்னும் ஆதி சக்திகள் தோன்றுகின்றன. அவர்களுக்கு ஓர் இசைக் கருவைச் சொல்லி, விரிவாக்கிப் பாடச் சொல்கிறார். எல்லோரிலும் திறமைசாலி மெல்கோர். அவனோ தன் சொந்தச் சரக்கை நடுவில் நுழைக்கிறான். பக்கத்தில் பாடுகிறவர்களுக்குச் சுருதி கலைகிறது. சிலர் அவன் பின்னாலேயே போய்விடுகிறார்கள். (எந்தச் சங்கத்தின் செயற்குழுவிலும் பார்க்கக்கூடியதுதான்!) இலூவதார் புன்னகையோடு இரண்டாவது கருவைத் தருகிறார். அதையும் மெல்கோர் இரைச்சலில் மூழ்கடிக்கிறான். மூன்றாவது கரு மெல்லியதாக, துயரம் தோய்ந்து எழுகிறது. மெல்கோர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், அந்த ஸ்வரங்களையே எடுத்துத் தனக்குள் பின்னிக்கொள்கிறது. பாட்டு முடிந்ததும், தாங்கள் பாடியது எப்படி ஓர் உலகமாகும் என்பதை அவர் காட்சியாகக் காட்டுகிறார். பிறகு ‘எயா’ என்கிறார். ‘உண்டாகுக’ என்று அர்த்தம்.

ஆசையோடு உள்ளே இறங்கும் ஐனூருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. காட்சியில் கண்ட எதுவும் அங்கே இல்லை. எல்லாவற்றையும் இனிமேல்தான் கட்டவேண்டும். ஆயுள் முழுவதும் ரயில் பாதையோடு கழித்தவனுக்கு இந்த இடம் சட்டென்று புரியும். டிராயிங்கில் பாலம் நின்றுவிடும். சைட்டில் ஆறும் சேறும்தான் இருக்கும். போதாததற்கு, இவர்கள் மலையை எழுப்பினால் மெல்கோர் சாய்க்கிறான், கடலைத் தோண்டினால் கலக்குகிறான்.

மெல்கோரின் வேலையெல்லாம் என்ன ஆயிற்று? நீருக்கு அதிபதி உல்மோ. நீரைக் கெடுக்க மெல்கோர் கடுங்குளிரை ஏவினான். பனித்துகளும் உறைபனியும் பிறந்தன. வெப்பத்தை ஏவினான், மேகமும் மழையும் வந்தன. தான் கற்பனை செய்ததை விட நீர் அழகாகிவிட்டதே என்று உல்மோவே வியக்கிறார். டோல்கியன் மெல்கோரை மன்னிக்கவில்லை; அவனால் வந்த துன்பத்தைக் குறைத்தும் சொல்லவில்லை. பாட்டிலிருந்து அவன் ஸ்வரங்களைத் தனியே உருவி எடுக்க முடியாது என்கிறார், அவ்வளவே.

என் மனத்துக்கு நெருக்கமானவர் மெல்கோரும் அல்ல, உல்மோவும் அல்ல, அவுலே. கொல்லர், மண்ணுக்கும் உலோகத்துக்கும் அதிபதி, எங்கள் ஜாதி! எல்ஃப்களும் மனிதர்களும் பிறக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், தன் வித்தையைச் சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகள் வேண்டும் என்று, மலைக்கடியில் ரகசியமாக ஏழு குள்ளர்களைச் செய்துவிடுகிறார். இலூவதார் வந்து கேட்கிறார்: நீ நினைத்தால் அசையும், நினைப்பு வேறிடம் போனால் நின்றுவிடும் இந்தப் பொம்மைகள் எதற்கு? அப்பாவைப் பார்த்து விளையாடும் குழந்தை போலத்தான் செய்தேன், கேலிக்கு அல்ல என்கிறார் அவுலே. அழுதுகொண்டே சுத்தியலை ஓங்குகிறார். குள்ளர்கள் பயந்து ஒடுங்கிக் கும்பிடுகிறார்கள். இலூவதார் தடுக்கிறார். சொந்த உயிர் இல்லாவிட்டால் அவை எப்படிப் பயப்படும்? அவுலே தந்துவிட்டதை அவர் அதற்குள் ஏற்றுக்கொண்டாகிவிட்டது.

செய்யும் ஆசை மெல்கோருக்கும் அவுலேக்கும் ஒன்றுதான். செய்ததைக் கைவிட ஒருவருக்கு முடிந்தது, மற்றவனுக்கு முடியவில்லை. எங்கள் இலாகாவுக்குக் கெட்ட பெயரும் உண்டு: கதையின் பெரிய வில்லன்களான சௌரோனும் சாருமானும் ஆதியில் அவுலேயின் பட்டறை ஆட்கள்தான்.

டோல்கியன் கடைசிவரை இந்தப் புத்தகத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார். முடிக்கவில்லை. அவர் காலமான பின், 1977இல் மகன் கிறிஸ்டோபர்தான் தொகுத்து வெளியிட்டார். அதில் குள்ளர்களைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. கடைசிப் போர் முடிந்ததும் உலகத்தைப் புதிதாகச் செப்பனிட வேண்டியிருக்கும், அப்போது அவுலேக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யத் தங்களுக்கு இடம் உண்டு என்று அவர்கள் நம்புகிறார்களாம்.