சந்தாப் பணம் இலாபமாகாது

ஐந்துசந்தியில் வியாபாரிகள் சிலர் சேர்ந்து கொழும்புப் பங்குச் சந்தையில் முதலிட ஒரு கழகம் நடத்துகிறோம். சீட்டுப் பிடித்துப் பழகிய நமக்கு மாதாமாதம் பணம் சேர்ப்பது சிரமமில்லை. கணக்குத்தான் சிரமம்.

அமெரிக்காவில் பியர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூர்ப் பெண்கள் 1983இல் இப்படியொரு கழகம் தொடங்கினர். மாதச் சந்தா 25 டொலர். பத்தாண்டுகளாக வருடத்துக்கு 23.4 வீத இலாபம் என்று புத்தகமே போட்டார்கள், அமோக விற்பனை. 1998இல் கணக்காய்வாளர் பார்த்தபோது 9.1 வீதந்தான். கட்டிய சந்தாவும் இலாபத்தில் சேர்ந்திருந்தது! கல்லாவில் நாமே போட்ட காசை விற்பனை என்று எண்ணுவோமா?

எங்கள் கொப்பியில் சந்தாவுக்கு ஒரு பக்கம். விலையேற்றத்துக்கும் பங்கிலாபத்துக்கும் வேறு பக்கம். தரகுப் பணத்தையும் கழித்த பிறகே இலாபம் என்போம். இடையில் விலகுபவருக்கு அன்றைய சந்தை விலைப்படி கணக்குத் தீர்ப்பதென்று முதற் கூட்டத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டோம்.